அடைச்ச குடலுக்கு ஒரு கேட் பாஸ்

என் டிபன் பாக்ஸை இன்னொருவர் கை திறந்திருந்தது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

திருவொற்றியூர் ஹைரோட்டிலிருந்து சாத்தாங்காட்டுப் பக்கம் திரும்பும் வழியில் அப்போது ஒரு கோழிக்கறி கம்பெனி இருந்தது. கோழியை அரைத்து சாசேஜ் செய்து, உறைய வைத்து, ஹோட்டல்களுக்கும் பெரிய கடைகளுக்கும் அனுப்புவார்கள். நான் அங்கே பேக்கிங்கில் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை, மதிய சாப்பாட்டு நேரம். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் சூப்பர்வைசர் முரளி என் பாக்ஸின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது?"

உள்ளே உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், முட்டைகோஸ். நடுநடுவே வட்டமாக நறுக்கி ஓரம் முறுகிய கறித் துண்டுகள்.

"சாசேஜ்தானே? எத்தனை நாளா நடக்குது? உன் சம்பளத்துக்கு இது கடையில வாங்கிச் சாப்பிடுற பண்டமா?"

நீளமான பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வாயும் நின்றுவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து வரும் நூர்ஜஹான், பேக்கிங்கில் எனக்குப் பக்கத்து மேஜை, எழுந்து வந்து என் முழங்கையைக் கிள்ளினாள். "சொல்லு சரளா. இன்னான்னு சொல்லிடு. உனக்கு இன்னா பயம்?"

நான் சொல்லவில்லை. நாலு வினாடி இருக்கும், வாயடைத்து நின்றேன். முரளிமேல் எனக்கு எவ்வளவு கோபமோ அதே அளவு கோபம் அந்த நாலு வினாடிமேலும் உண்டு. அதற்குள் அவர் மூடியை அழுத்திப் பூட்டி, பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பினாயில்

அந்தக் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தலைக்கு வலைத்தொப்பி, காலுக்கு முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அரைத்த கறியை மெஷின் பிளாஸ்டிக் மாதிரி ஒரு உறைக்குள் அடைத்துத் தள்ளும். வெந்து வந்ததும் இன்னொரு மெஷின் அந்த உறையை உரித்துப் போடும். வழவழவென்று, ஒரே நீளத்தில், ஒரே பருமனில் எங்கள் மேஜைக்கு வரும். நாங்கள் பாக்கெட்டில் அடுக்குவோம். சாயந்திரம் வீட்டுக்குப் போய் வெந்நீரில் வைத்தால்தான் விரல் மடங்கும்.

உடைந்தது, வளைந்தது எல்லாம் ஒரு நீலப் பெட்டிக்குப் போகும். பொழுது போகிற நேரத்தில் முரளி வந்து அந்தப் பெட்டிமேல் பினாயிலை ஊற்றுவார். நாங்கள் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். பக்கத்துத் தெரு நாய்கூட அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். நல்ல கறி, அன்றைக்குச் செய்தது, எங்கள் கண் முன்னால் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிடக்கும். முதல் நாள் அதைப் பார்த்தபோதே எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கம்பெனிக்குள்ளிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். கேட்டில் இருந்த ஏழுமலை அண்ணன் முன்பு ஹார்பர் கேட்டில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய பழக்கம், சீட்டைக் கையில் வாங்கினால் தெருவுக்கே கேட்கிறமாதிரி படித்துவிட்டுத்தான் சீல் குத்துவார். "பழைய மோட்டார் ஒன்று, ரிப்பேருக்கு" என்று அவர் கத்துவது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அன்றைக்கு என்னை அந்தக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். "நாளைக்கு மேனேஜர் வருவாரு. வந்து பதில் சொல்லு. இல்லாட்டி போலீஸ்" என்றார் முரளி. என் பாக்ஸைச் சாட்சிக்காகக் கோல்ட் ரூமில் வைத்தார்கள். அதன்மேல் சிவப்பு அட்டை கட்டி, 'திருட்டு. பேக்கிங் சரளா' என்று எழுதியிருந்ததாக நூர்ஜஹான் பிறகு சொன்னாள்.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைக்கு ஸ்டாக் பார்த்ததில் ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. அது முரளிக்கும் தெரியும்.

சுலபமாம்

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "ஒரே சட்டியில் முடிகிற சுலபமான ராத்திரிச் சாப்பாடு ஒன்று எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன் தாயே. ஆனால் அந்தச் 'சுலபம்' எனக்கு ஒத்து வராது. எங்கள் வீட்டில் ஒரே சட்டியில் சமைத்ததற்குக் காரணம், எங்களிடம் இருந்தது ஒரே அடுப்பு. பம்ப் ஸ்டவ். ரேஷன் மண்ணெண்ணெய். இரண்டாவது சட்டி ஏற்றுவதற்குள் முதல் சட்டி ஆறிவிடும்.

சட்டி கதை வேறு. என் வீட்டுக்காரர் குமார் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் வேலை பார்த்தார். தடித்த தகட்டில் வெட்டி மிஞ்சிய வட்டத் துண்டு ஒன்றை எடுத்து, தட்டிக் குழித்து, இரண்டு காது வைத்துப் பற்ற வைத்துக் கொண்டுவந்தார். தூக்கினால் கை போய்விடும், அவ்வளவு கனம். அந்தக் கழிவுத் துண்டுக்கும் முதலாளியிடம் சீட்டு எழுதி வாங்கியிருந்தார். "துண்டு இரும்பு, குமாருக்குக் கொடுத்தது" என்று ஒரு வரி. அவர் அப்படித்தான். சீட்டு இல்லாமல் ஒரு ஆணியைக்கூட மார்க்கெட்டுக்கு வெளியே கொண்டுவர மாட்டார். நான் சிரிப்பேன்.

சரி, செய்முறை. நான் புளியந்தோப்பில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்குடலை வாங்கி, குச்சியால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு வாடை போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொழுப்போடு கொத்தின கறி, பூண்டு, மிளகு, சோம்பு, பச்சைமிளகாய், கொத்தமல்லி. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிக் குடலின் வாயில் செருகி, கட்டைவிரலால் கறியை உள்ளே தள்ள வேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு ஒருமுறை வெள்ளை நூலால் முடிச்சு. மஞ்சள் தண்ணீரில் வேக வைத்து எடுத்தால் அடைச்ச குடல். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். சாசேஜ் என்ற பெயரே எனக்குக் கம்பெனிக்குப் போய்த்தான் தெரியும்.

ராத்திரிக்குச் சட்டியைக் காய வைத்து, எண்ணெய் ஊற்றாமல் அதைப் போட வேண்டும். குடல் சுருங்கி வளையும். கொழுப்பு இறங்கும். எடுத்து நறுக்கி வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே முதலில் உருளைக்கிழங்கு, பிறகு பீன்ஸும் கேரட்டும், கடைசியில் கோஸ். கறித் துண்டுகளைத் திரும்பப் போட்டு ஒரு கிளறு கிளறி மூடினால் முடிந்தது. மிஞ்சியது காலையில் டிபன் பாக்ஸுக்கு.

அந்த நாலு வினாடி

"என் வீட்டில் செய்தது" என்று சொல்ல எனக்கு ஏன் நாக்கு எழவில்லை?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பெஞ்சில் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றிப் பேசினார்கள். அவள் மாட்டுக்கறி கொண்டுவந்தாளாம். "கலீஜு. நாங்க அவளுக்குத் தனி டம்ளர் வச்சிட்டோம்ல" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். மற்றவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். அதை எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும்.

அன்றிலிருந்து பெஞ்சின் கடைசியில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்டவர்களிடம் கோழி என்றேன். நூர்ஜஹானுக்கு மட்டும் தெரியும், அவள் என் பாக்ஸிலிருந்து எடுத்துத் தின்பாள். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. கோழி என்று நான் சொல்லிவைத்த பொய்யே கடைசியில் எனக்கு வினையாக வந்து நின்றது. திருடியா என்று ஒருவன் கேட்கும்போது, மாட்டுக்கறி என்று சொல்ல நான் யோசித்தேன். எது பெரிய அவமானம் என்று மனசு கணக்குப் போட்டது. அப்படி ஒரு கணக்கைப் போட வைத்தவர்களை நான் மன்னிக்கவே இல்லை.

புளியந்தோப்புக்கு ஒரு நடை

கேட்டுக்கு வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து நேரே புளியந்தோப்பு போனேன். கறிக்கடை பாய்க்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இன்னா சரளா, நேத்துதான வாங்கினு போன?"

"நேத்து துன்றதுக்கு பாய். இன்னிக்குக் காட்றதுக்கு."

அன்றைக்குக் குடலைத் தேய்த்த தேய்ப்பில் என் விரல் தோல் உரிந்தது. கறியை அரிவாள்மனையில் கொத்தும்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை.

"பேஜாரு பண்ணாத சரளா. உட்டுத் தள்ளு. வேற வேல பாத்துக்கலாம்."

"வேற வேல கெடைக்கும்யா. வேற பேரு கெடைக்குமா?"

அவருக்கும் தெரியும். அந்த ரோட்டில் இருந்த கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரித்துத்தான் ஆள் எடுப்பார்கள். ஒரு இடத்தில் திருடி என்று பெயர் வாங்கினால் மணலியிலிருந்து எண்ணூர்வரை எந்தக் கேட்டும் திறக்காது. அவர் எழுந்து, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சாக்கில் கட்டி வைத்தார்.

சைக்கிள் ஷெட்டில் அடுப்பு

செவ்வாய்க்கிழமை மேனேஜர் வந்தார். நரைத்த மீசை, அமைதியான மனுஷர். அவர் அறையில் முரளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ எடுத்தியாம்மா?"

"இல்ல சார். அது நான் வூட்ல செஞ்சது. செஞ்சு காட்டட்டுமா?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. "சாசேஜ் வீட்டுல செய்வியா? சரி, கேன்டீன்ல செஞ்சு காட்டு. என்ன கறி?"

இந்தத் தடவை நாலு வினாடி எடுக்கவில்லை.

"மாட்டுக்கறி சார்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். சக்கரம் வைத்த நாற்காலி, தரையில் கிறீச்சென்றது. "அப்போ கேன்டீன் அடுப்பு வேண்டாம். மத்தவங்க சாப்பிடுற இடம்."

"உங்க அடுப்பு எனக்கு எதுக்கு சார்? என் அடுப்ப எட்தாந்துகீறேன். சட்டியும் எட்தாந்துகீறேன். உங்க சாசேஜு ரெண்டு மட்டும் குடுங்க."

சைக்கிள் ஷெட்டில் பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் பேக்கிங் பெண்கள் முழுக்க வந்து சுற்றி நின்றார்கள். சட்டி காய்ந்தது. ஒரு பக்கம் கம்பெனி சாசேஜ் இரண்டு, இன்னொரு பக்கம் என்னுடையது இரண்டு. ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை.

கம்பெனி சரக்கு போட்டபடியே நேராகக் கிடந்தது. திருப்பப் போனால் அடிப்பிடித்து ஓரம் பிய்ந்தது. என்னுடையது சுருங்கி, வளைந்து, நூல் முடிச்சு இறுகி, கொழுப்பை இறக்க ஆரம்பித்தது. மிளகும் பூண்டும் வாசம் கிளம்பியது. பின்னாலிருந்து யாரோ "அம்மாடி" என்றார்கள்.

இரண்டு வகையையும் தட்டில் எடுத்து வைத்து, சட்டியில் ஒட்டிய பிசிறைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, உருளைக்கிழங்கைப் போட்டேன். பீன்ஸ், கேரட், கோஸ். செய்கிறவள் பாதியில் நிறுத்தக் கூடாது என்று ஒரு வீம்பு. முழுச் சமையலையும் முடித்துவிட்டு இரண்டையும் குறுக்கே வெட்டிக் காட்டினேன். ஒன்று மாவு பிசைந்தது மாதிரி வழவழப்பு. இன்னொன்றில் கொத்துக்கறி தனித்தனியாக, மிளகு கறுப்பாக, சுற்றிலும் குடலின் வட்டம்.

"அந்தப் பாக்ஸக் கொண்டாங்க" என்றார் மேனேஜர்.

சிவப்பு அட்டையோடு என் பாக்ஸ் வந்தது. கல்லாக உறைந்திருந்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார். பிறகு இன்னும் குனிந்தார்.

"முரளி, இதுல நூல் இருக்கேப்பா."

இருந்தது. மேலே கிடந்த ஒரு துண்டின் ஓரத்தில், வெள்ளை நூல், முடிச்சோடு. ராத்திரி நறுக்கும்போது அவசரத்தில் நான் அவிழ்க்காமல் விட்டது. முந்தின நாள் மூடியைத் திறந்த கை அதைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், என் சம்பளத்தை நினைத்தார், முடிவு கட்டினார். நூல் கண்ணில் படவில்லை.

"குடலு சார் அது! சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்!" என்று கத்தினாள் நூர்ஜஹான்.

மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. போய் வேலையப் பாரு."

அவ்வளவுதான். 'தப்பு நடந்துபோச்சு' என்ற ஒரு வார்த்தை இல்லை. முரளி அதற்குள் கேட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்.

எழுதிக் குடு

சாயந்திரம் ஷிப்ட் முடிந்ததும் முரளி மேஜை முன்னால் போய் நின்றேன்.

"என் பாக்ஸு."

"திரும்பவும் கோல்ட் ரூம்லதான் வச்சிருக்கு. எடுத்துட்டுப் போ."

"கோல்ட் ரூம்லேந்து போற சாமான் சார். கேட் பாஸ் எழுதுங்க."

"டிபன் பாக்ஸுக்கு எதுக்கும்மா பாஸ்?"

"நேத்து அது உங்க சாமான்னு உள்ள வச்சுக்கினீங்க. சீட்டு இல்லாம எட்துனு போனா நாளைக்கும் திருடின்னு சொல்லுவீங்க. எழுதுங்க."

என் வீட்டுக்காரரின் துண்டு இரும்புச் சீட்டைப் பார்த்து நான் சிரித்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. முரளி புத்தகத்தை இழுத்து இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். தமிழில் எழுதச் சொன்னேன். 'டிபன் பாக்ஸ் ஒன்று, உணவு' என்று எழுதினார்.

"இன்னா உணவு?"

"அதெல்லாம் எதுக்கு?"

"நேத்து என் பேரோட திருட்டுன்னு எழுதத் தெரிஞ்சுது இல்ல? இதுவும் பேரோட எழுதுங்க. மாட்டுக்கறி அடைச்ச குடலு, காய்கறி. சரளாவுக்குச் சொந்தம். எழுதுங்க சார், எனக்கு பஸ்ஸு போவுது."

எழுதினார். கையெழுத்தும் போட்டார். கோல்ட் ரூமிலிருந்து பாக்ஸை எடுத்துவந்து, சிவப்பு அட்டையை நானே கழற்றி, அவர் மேஜைமேல் வைத்தேன்.

கேட்டில் வழக்கம்போல வரிசை. எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் இருபது பேர். என் முறை வந்தது. ஏழுமலை அண்ணன் சீட்டை வாங்கி முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"படிக்கவாம்மா?"

"எல்லாருக்கும் படிக்கிறாப்பல படிங்கண்ணே."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பழைய மோட்டாருக்குக் கத்தின அதே குரல்.

"டிபன் பாக்ஸ் ஒன்று! மாட்டுக்கறி அடைச்ச குடல், காய்கறி! சரளாவுக்குச் சொந்தம்!"

டக்கென்று சீல் குத்தினார். தனி டம்ளர் கதை சொன்னவள் எனக்கு மூன்று பேர் பின்னால் நின்றாள். உறைந்த பாக்ஸ் கையில் சில்லென்று ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு போகிறவரை அதை நான் பைக்குள் போடவில்லை.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மைதான் மங்கிவிட்டது.

புதன்கிழமை மதியம் கை கழுவிவிட்டு வந்தேன். பெஞ்சின் கடைசி இடம் காலியாக இருந்தது. நான் நடுவில் போய் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். நூர்ஜஹான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். மூன்று பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

போகட்டும் என்று விட்டேன். ஒரு வருஷமாகத் தள்ளி உட்கார்ந்தது நான். இனிமேல் அவர்கள் உட்காரட்டும்.